ஐயாவுக்கு இன்றைக்கு என்ன நிறம்

பாயாசக் கிண்ணம் வரும்போது அதைக் கையால் மூடிக்கொள்ளும் என் வயதுக்காரர்களே, உங்களைத்தான் கூப்பிடுகிறேன். போன மாதம், ஒன்றாகப் படித்தவர்கள் கூடிச் சாப்பிட்ட அந்த மேசையில் எத்தனை கைகள் கிண்ணத்தை மூடின என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, எல்லோரும் எழும்புகிற சந்தடியில் குசினிப் பக்கம் ஒதுங்கி, நின்றபடியே இரண்டு கிண்ணம் விழுங்கியவரையும் பார்த்தேன். பெயர் சொல்லமாட்டேன். அவருக்குத் தெரியும். நான் கதிரையை விட்டு அசையாமல், எல்லோருக்கும் முன்னால், அரைக் கிண்ணம் குடித்தேன். கரண்டி கரண்டியாக, முந்திரிப்பருப்பைக் கடைசிக்கு வைத்து. உனக்கும் எல்லோ சலரோகம் என்றாள் பக்கத்தில் இருந்தவள். ஓம், பதினொரு வருசமாக என்றேன். அப்ப எப்பிடி என்றாள். அந்த மேசையில் அதற்கு நேரம் போதவில்லை. ஒரு பனம்பழக் காலம் முழுவதையும் அல்லவா சொல்லவேண்டும்.

புளியங்கூடலில் எங்கள் வளவுக்குள் முப்பது பனை நின்றது. ஆடி பிறந்தால் பழம் விழத் தொடங்கும். விடியற்புறம் 'தொம்' என்று ஒரு சத்தம், அதன் பின்னால் ஒரு வாசம். தேனும் கொஞ்சம் புளிப்பும் கலந்த அந்த வாசம் பாய்வரைக்கும் வந்து மூக்கைப் பிடித்து எழுப்பும். நானும் அக்காவும் ஓடிப்போய் பொறுக்குவோம். அம்மா பழத்தைச் சுட்டு, நார் நாராகப் பிசைந்து, களி எடுத்து, மாவும் சீனியும் சேர்த்துக் கொதிக்கிற எண்ணெயில் கிள்ளிக் கிள்ளிப் போடுவார். பனங்காய்ப் பணியாரம். முதல் தாச்சி ஐயாவுக்கு. சூடு ஆற முதலே ஏழெட்டுப் போய்விடும். வாய் வெந்தாலும் ஐயா ஊதித் தின்னமாட்டார். ஊதுவது அவமானம் என்று நினைத்தாரோ என்னவோ.

அந்த வருசம் தாச்சி அடுப்பில் ஏறவில்லை.

வேலிக்கு மட்டை வெட்டும்போது பனங்கருக்கு ஐயாவின் வலது கால் பெருவிரலைக் கீறிவிட்டது. கருக்கு என்றால் பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் அரம்பப்பல். எங்கள் ஆட்களுக்கு அது தினமும் கீறுகிறதுதான், நாலு நாளில் ஆறிவிடும். ஐயாவுடையது மூன்று கிழமையாகியும் ஆறவில்லை. ஓரம் கறுத்து, நடுவில் ஈரமாக, ஒரு கெட்ட கண் மாதிரி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. சைக்கிள் கரியரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் விரலைப் பார்க்க முதல் மூத்திரத்தைக் கேட்டாராம். அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்குள் சலரோகம் என்ற சொல் வந்தது. அம்மா அதைச் சீனி வருத்தம் என்றார். குற்றவாளியின் பெயர் அதிலேயே இருந்ததால் வேறு ஒருவரையும் நாங்கள் தேடவில்லை.

டொக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். குளிசை போடவேண்டும், சீனியை நிற்பாட்டவேண்டும், ஒவ்வொரு நாள் காலையும் சலத்தைச் சோதித்து நிறத்தை எழுதவேண்டும். ஆவணி முடிவதற்குள் புண் காயத் தொடங்காவிட்டால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி விரலை எடுப்பிக்கவேண்டும். புரட்டாதியில் விதைப்பு. கலப்பை பிடிக்கிறவனுக்குப் பெருவிரல் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதை ஊன்றித்தான் அவன் மாட்டுக்குப் பின்னால் மண்ணில் நிற்கிறான்.

சோதிக்கிற பொறுப்பு எனக்கு வந்தது. அக்கா பெரியபிள்ளையாகியிருந்தாள், அருவருப்பு என்று ஒதுங்கிவிட்டாள். நான் ஐந்தாம் வகுப்பு. எனக்குக் கை நடுங்காது என்று அம்மா கண்டுபிடித்தார்.

அந்தச் சாமான்களை இப்போதும் தொட்டுப் பார்க்கமுடிகிறது. என் நடுவிரல் அளவில் ஒரு கண்ணாடிக் குழாய். மயிற்கழுத்து நீலத்தில் ஒரு போத்தல் தண்ணீர். கண்ணுக்கு மருந்துவிடும் துளிக்குழல் ஒன்று. நீலத் தண்ணீரைக் குழாயில் கொஞ்சம் விட்டு, சலத்தில் எட்டே எட்டுத் துளி சேர்த்து, மடித்த கொப்பித் தாளால் குழாயின் கழுத்தைப் பிடித்து, குப்பிவிளக்குச் சுவாலையில் காட்டவேண்டும். கொதிக்கும்போது அது சொல்லும். நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். அதற்கு மேல் மஞ்சள், செம்மஞ்சள். எல்லாவற்றுக்கும் மேல், சுட்ட செங்கல்.

முதல் கிழமை ஐயா வெட்கத்தில் செத்தார். சிரட்டைக்குள் எடுத்து, பூவரசம் இலையால் மூடி, கிணற்றடியைச் சுற்றி வந்து, என்னைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போவார். பிறகு பழகிவிட்டது. நான் குசினி வாசலில் குந்தியிருந்து நிறத்தைக் கத்திச் சொல்வேன், அம்மா கரியால் சுவரில் எழுதுவார். நான் கத்துவது ஒழுங்கை முழுக்கக் கேட்கும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. நான் கத்தத் தொடங்கிய மூன்றாம் நாள் அடுத்த வளவு மாமி வேலிக்கு மேலால் குரல் கொடுத்தார்.

"பிள்ளை, உன்ரை ஐயாவுக்கு இண்டைக்கு என்ன நிறம்?"

"செங்கல் மாமி."

"பாவம் மனுசன்," என்றுவிட்டு அவர் தன் முற்றத்தைக் கூட்டப் போனார். அன்று மத்தியானத்துக்குள் கடையடியில் நின்றவர்களுக்கும் தெரிந்திருந்தது.

செங்கல், செங்கல், செங்கல். சுவர் முழுக்க செங்கல்.

ஐயாவோ சீனியை ஒரே நாளில் விட்டவர். அது அவருக்குப் பெரிய கெப்பர், பெருமை. எங்கள் பக்கத்தில் வெறும் தேத்தண்ணி எப்படிக் குடிப்பது என்று உங்களுக்குத் தெரியும். சீனியைக் கலக்குவதில்லை. உள்ளங்கையில் வைத்து, ஒரு நக்கு, ஒரு மிடறு. ஐயா அந்தச் சீனியைக் கைவிட்டார், உள்ளங்கையைக் கைவிடவில்லை. சீனி இருந்த இடத்தில் பனங்கட்டி வந்து உட்கார்ந்தது. ஒரு கடி, ஒரு மிடறு. ஒரு நாளைக்கு ஆறு தேத்தண்ணி. ஒளித்து ஒன்றும் செய்யவில்லை. முற்றத்தில், கதிரையில், புண்காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் முன்னால் கடித்தார். சீனி கப்பலிலை வந்தது, பனை எங்கடை, எங்கடை பனை எங்களுக்கு என்ன செய்யும் என்பார். கேட்டவர்கள் எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். பனங்கட்டி மருந்துக்குப் போடுகிற சாமான். இருமலுக்கு அதுதான், பிள்ளைப்பெற்றவளுக்கு அதுதான். அம்மா புதுக் குட்டான்களாகத் தேடி வாங்கினார். ஓலையில் இழைத்த அந்தச் சின்னப் பெட்டியைப் பிரித்து, கறுப்புத் தேன் நிறத்தில் இருக்கும் கட்டியைப் பாக்குவெட்டியால் உடைத்து, தேத்தண்ணியோடு தன் கையாலேயே கொடுத்தார். சீனியை விட்ட மனுசன் என்ற பரிவில் கொஞ்சம் பெரிய துண்டாகவே உடைத்தார்.

அதோடு அம்மா ஒரு சட்டமும் போட்டார். அவர் தின்ன ஏலாததை இந்த வீட்டில் ஒருவரும் தின்னக்கூடாது. பழங்கள் விழுந்தபடியே கிடந்தன. மாடு வந்து சூப்பிப்போட்டுப் போனது. காலையில் அந்த வாசம் வந்து மூக்கைப் பிடிக்கும்போது நான் தலையணையை மூக்கில் அமத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

நிறம் மாறவில்லை. அப்படியென்றால் யாரோ களவாகச் சீனி கொடுக்கிறார்கள். அம்மா சீனிப் போத்தலைத் திறந்து, சீனியின் மேல் சின்னவிரலால் பாம்பு மாதிரி ஒரு கோடு கீறி, மூடி, அலுமாரிக்குள் வைத்தார். தினமும் திறந்து பார்த்தார். கோடு அழியாமல் இருந்தது, நிறமும் அசையாமல் இருந்தது. சீனி இல்லையென்றால் வேறு இனிப்பு. ஒரு நாள் என் பள்ளிக்கூடப் பைக்குள் டொபித் தாள் ஒன்று அகப்பட்டது. கடையில் வாங்கி நான் தின்றதுதான். சொன்னேன். அம்மா நம்பவில்லை. ஈர்க்குக் கட்டை எடுத்துக் கெண்டைக்காலில் இரண்டு போட்டார். அடி நோகவில்லை.

"உன்ரை ஐயாவின்ரை விரலை நீயெல்லோ வெட்டுறாய்."

அதுதான் நொந்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்தது எவ்வளவு பயம் என்று இப்போது தெரிகிறது. அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது, இரண்டு பெண்பிள்ளைகள், மழையை நம்பிய காணி. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் களவு கொடுக்கவில்லை என்பதை எப்படியாவது காட்டவேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்த நாள் காலை ஐயா கதிரையில். கையில் தேத்தண்ணி, உள்ளங்கையில் பனங்கட்டி. கிட்டப்போய் ஒரு துண்டு கேட்டேன். அவர் குசினிப் பக்கம் பார்த்துவிட்டுக் கிள்ளித் தந்தார், கொம்மாவுக்குச் சொல்லாதை என்றார். நான் தின்னவில்லை. சிரட்டையில் கிணற்றுத் தண்ணீர் விட்டு அதைக் கரைத்தேன். துளிக்குழலில் எடுத்தேன். எட்டுத் துளி.

சுவாலை பட்டதும் நீலம் கலங்கியது. பச்சை, நான் 'ப' என்று நினைக்க முதலே மஞ்சள், பிறகு செம்மஞ்சள், பிறகு அந்தக் குழாய்க்குள் ஒரு சூளையே எரிந்த மாதிரி, ஐயாவின் சலம் ஒரு நாளும் காட்டாத கடும் சிவப்பு. பழக்கதோசத்தில் கத்திவிட்டேன்.

"செங்கல்!"

வேலிக்கு அந்தப் பக்கம் மாமி பெருமூச்சு விட்டது கேட்டது. ஐயா கதிரையில் நிமிர்ந்தார்.

"நான் இன்னும் தரேல்லையே பிள்ளை."

அந்த வசனத்தை நான் எத்தனை தரம் எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அம்மா வந்து குழாயை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். சிரட்டையைப் பார்த்தார். அடியில் கரையாமல் கிடந்த பனங்கட்டித் துகளைப் பார்த்தார். பிறகு உரலில் போய் இருந்தார்.

"நானெல்லோ உடைச்சு உடைச்சுக் குடுத்தனான்," என்றார். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. தன் கைக்குச் சொன்னார்.

ஐயா தோற்க விரும்பாதவர். அப்படியெண்டால் சீனியையும் ஒருக்கால் விசாரியும் என்றார் அம்மாவிடம். அம்மா போத்தலைக் கொண்டுவந்தார், தன் கோட்டைத் தானே அழித்து ஒரு கரண்டி எடுத்தார். கரைத்தேன், எட்டுத் துளி விட்டேன், சுவாலையில் பிடித்தேன். நீலம். இன்னும் கொதிக்கவிட்டேன். நீலம். சுவாலைக்கு மேலே, கொதித்துக் கொதித்து, வானத்தில் ஒரு துண்டை வெட்டி உள்ளே விட்ட மாதிரி, அசையாத நீலம்.

எங்கள் வீட்டில் அன்று தீர்ப்பு மாறியது. கப்பலில் வந்தது நிரபராதி, எங்கள் பனை குற்றவாளி. இதைச் செய்தது நான். என் குழாய் பொய் சொல்லாது என்று எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். நாலு நாள் ஐயா உள்ளங்கை நிறையச் சீனியோடு தேத்தண்ணி குடித்தார். காலையில் இன்னும் செங்கலாகவே இருந்தது. அது பழைய பனங்கட்டி இறங்குது என்று மாமி வேலியால் விளக்கம் சொன்னார்.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள், சாட்சிக்கு. ஐயா கதையை முழுக்கச் சொன்னார். டொக்டர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று மேசையில் விழுந்தது. பிறகு விரலைப் பிரித்துப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணை, உந்த நீலத் தண்ணிக்கு வெள்ளைச் சீனியைப் பிடிக்கத் தெரியாது. உங்கடை வயித்துக்குத் தெரியும். உள்ளுக்கை போய் உடைஞ்சாப்பிறகு பனங்கட்டியும் சீனியும் ஒண்டுதான்."

ஐயா சுவரைப் பார்த்தார். அப்ப நான் சாகுமட்டும் இனிப்புத் தின்ன ஏலாதோ என்று கேட்டார். விரலைப் பற்றி அவர் கேட்கவில்லை. நாற்பது வயது மனிதன், குரல் ஒரு சின்னப்பிள்ளையின் குரல்போல் மெலிந்திருந்தது.

டொக்டர் அவருக்குப் பதில் சொல்லாமல் அம்மாவைப் பார்த்து, இவர் காலையில் என்ன சாப்பிடுகிறவர் என்று கேட்டார். ஒரு நீத்துப்பெட்டி பிட்டு என்றார் அம்மா. மத்தியானம்? கோப்பை நிறையச் சோறு, பிறகு திருப்பியும் ஒருக்கால். இரவு? பிட்டு. டொக்டர் பேனையை வைத்தார். பிட்டும் சோறும் உள்ளே போய் என்னவாக மாறுகிறது என்று சொன்னார். அம்மா வாயைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டார். குற்றவாளிகள் இப்படி ஒவ்வொருவராக எங்கள் குசினிக்குள் இருந்து எழும்பி வருவார்கள் என்று அவர் நினைக்கவில்லை.

"முதல் நீலத்தைக் கொண்டு வாங்கோ," என்றார் டொக்டர். "பிறகு இனிப்பைப் பற்றிக் கதைப்பம். அண்டைக்குப் பிட்டைக் குறைச்சுப்போட்டு அளவாத் தின்னுங்கோ. அடுத்த நாள் குழாயைக் கேளுங்கோ. ஒண்டுமே வேண்டாமெண்டு நான் சொல்லமாட்டன். சொன்னா நீங்கள் களவெடுப்பியள்." குளிசையைக் கூட்டித் தந்தார். ஆவணி முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது என்பதையும் ஞாபகப்படுத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, பிட்டு அவிக்கிற அந்த ஓலை நீத்துப்பெட்டியைக் கழுவிக் காயவைத்து உறியில் தூக்கிவிட்டார். சிரட்டைகளில் சின்னதாக ஒன்றைத் தேடி எடுத்து, விளிம்பைக் கத்தியால் மழித்தார். ஐயாவின் பிட்டுக்கு இனி அதுதான் அளவு. மிச்சக் கோப்பையை முருங்கையிலை நிரப்பியது, வாழைப்பூ நிரப்பியது, மீன் நிரப்பியது. ஐயா முறைத்தார், கோழிக்கும் இதைவிடக் கூடப் போடுவினம் என்றார். அம்மா கோழி கலப்பை பிடிக்கிறதில்லை என்றார். தேத்தண்ணிக்கு ஒன்றுமில்லை. முதல் நாட்களில் ஐயா வெறும் உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டு குடித்தார். ஒரு முறை, பழக்கத்தில், அதை நக்கியும் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சும்மா இருந்தால் பசி கூடுகிறது என்று, புண்காலைப் பொலித்தீன் பைக்குள் கட்டிக்கொண்டு, அவர் கிணற்றில் அள்ளி அள்ளிக் கத்தரிக்கு ஊற்றத் தொடங்கினார். பின்னேரங்களில் துலாவின் கிறீச் கேட்டுக்கொண்டே இருக்கும். கத்தரி அழுகப்போகுது என்று அக்கா சிரித்தாள்.

நாலாம் நாள் செம்மஞ்சள். நான் நம்பாமல் இரண்டாம் தரமும் செய்தேன். செம்மஞ்சள்தான். வேலிக்கு அந்தப் பக்கம் மாமி கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியின் சத்தம் நின்றது. எட்டாம் நாள் மஞ்சள். பதினோராம் நாள் பச்சை, மாவிலைப் பச்சை. பிறகு வாழைக்குருத்துப் பச்சை. இடையில் ஒரு கலியாணவீட்டுக்குப் போய்வந்து ஒரு நாள் திரும்பவும் செம்மஞ்சள். அன்றைக்கு அம்மா ஐயாவோடு கதைக்கவில்லை, மாமியும் கதைக்கவில்லை. கடைக்குப் போனால் முன்பின் தெரியாதவர்கள் என்னிடம் நிறம் கேட்டார்கள். விரலின் கறுப்பு உரிந்து, ஓரத்தில் வாழைப்பூத் தோல் நிறத்தில் ஒரு மெல்லிய வளையம் தெரிந்தது.

ஆவணி முடிய மூன்று நாள் இருக்கும்போது நான் குழாயைச் சுவாலையில் பிடித்தேன். கொதித்தது. காத்திருந்தேன். இன்னும் கொதித்தது. அது மாறவே இல்லை. நான் கத்த மறந்துபோனேன். என்ன நிறம் பிள்ளை என்று மாமி கேட்டார். இரண்டாம் தரமும் கேட்டார். பிறகு வேலிப் பொட்டைப் பிரித்துக்கொண்டு, தலையில் ஓலைத்துகளோடு, நேரே எங்கள் குசினி வாசலுக்கு வந்து நின்றார். நான் குழாயைத் தூக்கிக் காட்டினேன்.

"நீலமெல்லோ," என்றார் மாமி, ஒரு இரகசியத்தைச் சொல்வதுபோல்.

அன்றைக்கே போன ஆஸ்பத்திரியில் டொக்டர் விரலை அமத்திப் பார்த்தார், மணந்து பார்த்தார். இந்த விரல் உங்களோடையே இருக்கட்டும் என்றார்.

கடைசிப் பழங்கள் அவை. வடக்கு மூலைப் பனையின் கீழ் அன்று இரண்டு விழுந்திருந்தன. அம்மா அவற்றை எடுத்துச் சுட்டார். களியோடு மாவை மட்டும் சேர்த்தார், சீனிப் போத்தலைத் திறக்கவில்லை. பழம் இனிக்கிறதே காணும், அது போதும் என்றார். பணியாரத்தை நெல்லிக்காய் அளவில் கிள்ளினார். அன்று ஐயாவின் பிட்டுச் சிரட்டை அரைவாசிதான். பிறகு ஒரு வெள்ளைக் கோப்பையில் இரண்டே இரண்டு பணியாரத்தை வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஐயா முதல் தடவையாக ஊதினார். கடித்தார். கண்ணை மூடினார். ஒரு நெல்லிக்காயை ஒரு மனிதன் அவ்வளவு நேரம் தின்னலாம் என்று நான் அன்றுதான் கண்டேன். முந்தி ஏழெட்டு விழுங்கிய மனிதர் இந்த இரண்டில் எதையும் விடவில்லை. எண்ணெயில் முறுகிய விளிம்பை, உள்ளே இழுபட்ட ஒற்றை நாரை, களியின் மெல்லிய கயர்ப்பை, எல்லாவற்றையும் தின்றார். முடித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"இவ்வளவு காலமும் நான் ருசி பாக்கேல்லையப்பா."

ஆனால் விடியவேண்டுமே. விடிந்ததும் அம்மா, அக்கா, மாமி மூன்று பேரும் என்னைச் சுற்றி நின்றார்கள். ஐயா கிணற்றடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எட்டுத் துளி. கொதித்தது. பச்சை ஒன்று ஓடின மாதிரி இருந்தது. பிறகு பார்த்தால் அது பின்னால் நின்ற முருங்கையின் நிழல். குழாயைத் தூக்கிக்கொண்டு முற்றத்து வெளிக்கு ஓடினேன், சூரியனுக்கு நேரே பிடித்தேன்.

என் வாழ்க்கையில் நான் அதைவிடப் பெரிதாக ஒரு சொல்லைக் கத்தியதில்லை. ஒழுங்கையில் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, நீலமோ, நீலமோ என்று கேட்டுவிட்டுப் போனார்.

புரட்டாதியில் விதைப்புக்கு ஐயாதான் கலப்பை பிடித்தார். அவர் உழுதுபோன சாலுக்குள் இறங்கி, ஈரமண்ணில் பதிந்த பாதங்களை நான் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒவ்வொரு பாதத்திலும் பெருவிரல் ஆழமாக ஊன்றியிருந்தது.

அந்தக் குழாய் இல்லை. ஊரை விட்டு ஓடினபோது எடுக்க மறந்த எத்தனையோ சாமான்களோடு போய்விட்டது. கரியால் நிறம் எழுதிய குசினிச் சுவரும் இல்லை. இப்போது விரல்நுனியில் குத்தி எண் பார்க்கிறோம், நிறம் இல்லை. நான் மட்டும் எண்ணைப் பார்த்து மனதுக்குள் நிறம் சொல்கிறேன். பாயாசம் குடித்த அடுத்த நாள் என்ன நிறம் என்று கேட்கிறீர்களா? அன்று நான் சோற்றைத் தொடவில்லை, பின்னேரம் கடற்கரை வீதியில் ஒரு மணித்தியாலம் நடந்தேன். நீலம்தான். வேறு நாட்களில் பச்சையும் வந்திருக்கிறது, மஞ்சளும் வந்திருக்கிறது. வந்தால் அடுத்த கிண்ணம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். குசினிக்குப் பின்னால் நின்று நான் ஒரு நாளும் விழுங்கியதில்லை.

ஐயா போன வருசம் போனார். எண்பதைத் தாண்டி, நித்திரையில். திரும்பி வந்து கட்டிய வீட்டின் விறாந்தையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வழக்கப்படி இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்து வெள்ளைச் சீலைத் துண்டால் கட்டினார்கள். எல்லோரும் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் காலடியில் நின்று அந்த முடிச்சைப் பார்த்தேன். கட்டுவதற்கு இரண்டு விரல்கள் இருந்தன.

எட்டாம் நாள் படைப்பில் அவருக்கு விருப்பமானது எல்லாம் வைத்தார்கள். ஐயாவின் சகோதரிமாரின் பெண்பிள்ளைகள் பனங்காய்ப் பணியாரத்தை வாழையிலையில் கும்பமாகக் குவித்தார்கள். அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். இலைக்கு முன்னால் குனிந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்துக் கோப்பையில் போட்டார். ஏன் மாமி, அவருக்கு இனி என்ன வருத்தம் வரப்போகுது, இருக்கட்டுமே என்று அம்மாவிடம் சொன்னாள் அவர்களில் ஒருத்தி.

அம்மா இலையைப் பார்த்தார்.

"அவருக்கு ரெண்டு காணும்."